கன்வர்ட்டரா, க்ளட்சா, பெல்ட்டா?

பழைய கார் விளம்பரங்களைப் பார்த்தாலே இப்போல்லாம் எனக்கு எரிச்சலா வருது.

"சிங்கிள் ஓனர். பெட்ரோல். ஆட்டோமேட்டிக். விலை பேசிக்கலாம்."

அவ்வளவுதான். டயர் புதுசுன்னு எழுதுறாங்க. சீட் கவர் மாத்தினதை எழுதுறாங்க. எந்த சாமி கோயில்ல பூஜை போட்டாங்கன்னு கூட எழுதுறாங்க. கியர்பாக்ஸ் எந்த ரகம்னு மட்டும் ஒருத்தரும் எழுத மாட்டேங்கறாங்க.

பங்காரப்பேட்டை ரோட்டுல ஒரு பழைய கார் கடையில நேராவே கேட்டுப் பார்த்தேன்.

"என்ன ஆட்டோமேட்டிக்ங்க இது?"

"க்ளட்ச் கிடையாது சார். டி-ல போட்டா ஓடும்."

"சரிங்க, உள்ள என்ன இருக்கு?"

"உள்ளேயும் ஆட்டோமேட்டிக்தான் சார்."

அந்தப் பையன் மேல எனக்குக் கோபம் இல்ல. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. ஆனா அந்தக் காரை வாங்கப் போறது யாரு? நம்ம ஆளுங்க. 2001 பிப்ரவரி 28-ந்தேதி கேஜிஎஃப் தங்கச் சுரங்கம் மூடினதுக்கு அப்புறம் நம்ம ஊர் எப்படிப் பிழைச்சதுன்னு எல்லாருக்கும் தெரியும். விடியறதுக்கு முன்னாடி மாரிக்குப்பத்துல ரயில் ஏறி பெங்களூர் போய், ராத்திரி திரும்பி வந்து, அப்படியே வருஷக்கணக்கா ஓடி மிச்சம் பிடிச்ச காசு. அதுல "அப்பாவுக்கு முட்டி வலி, க்ளட்ச் மிதிக்க முடியல, ஆட்டோமேட்டிக்கா ஒண்ணு வாங்கிடலாம்"னு பிள்ளைங்க தேடறாங்க. அந்தக் காசுக்கு "உள்ளேயும் ஆட்டோமேட்டிக்தான்"கற பதில் போதாது. (போதவே போதாது!)

ஏன்னா ஆட்டோமேட்டிக்னு நாம பொதுவா சொல்ற பேருக்குள்ள ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலஞ்சு மெஷின் இருக்கு. ஓட்டுற விதம் வேற, கெட்டுப்போற விதம் வேற, ஊத்துற ஆயில் வேற, ரிப்பேர் செலவு வேற.

இதுல எனக்கு வருத்தம் என்னன்னா, இந்த விஷயம் தெரியாம இருக்கறதுக்கு நம்ம ஊரு சாதாரண ஊர் இல்ல. கேஜிஎஃப்னா வெளியூர்காரங்களுக்குத் தங்கம், இப்போ சினிமா. ஆனா 1964-ல ஆரம்பிச்ச பெமல் கம்பெனியோட தொழிற்சாலை இங்கதானே இருக்கு? டோசர் மட்டும் இல்ல, அதுக்கு வேணுங்கற கியர்பாக்ஸ், ஆக்ஸில், ஹைட்ராலிக் சாமானெல்லாம் செய்யுறதுக்குன்னே தனியா 'ஹைட்ராலிக்ஸ் அண்ட் பவர்லைன்' பிரிவு இங்க இருக்கு. அந்த கியர்பாக்ஸைக் கையால பூட்டினவங்க இன்னிக்கும் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுல காய்கறிப் பையோட நடந்து போறாங்க.

அப்படி ஒருத்தர் எங்க பக்கத்துத் தெருவுல இருக்கார். ரிட்டயர் ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு. நாங்க எல்லாருமே மாமான்னுதான் கூப்பிடுவோம். யார் புதுசா ஆட்டோமேட்டிக் கார் கொண்டாந்து நிறுத்தினாலும், மாமா கலரைப் பார்க்க மாட்டார், கம்பெனி பேரைப் பார்க்க மாட்டார். ஒரே கேள்விதான்.

"இன்னாப்பா இது, கன்வர்ட்டரா, க்ளட்சா, பெல்ட்டா?"

நான் படிச்ச எந்த கார் புத்தகத்தையும் விட இந்த ஒரு கேள்வி எனக்கு அதிகமா சொல்லிக் கொடுத்தது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல சக்தியை எது கைமாத்தி விடுது? அதைக் கண்டுபிடிச்சிட்டா காரோட குணம் மொத்தமும் புரிஞ்சிரும்.

முதல்ல கன்வர்ட்டர். டார்க் கன்வர்ட்டர்.

ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரா வெச்சு ஒண்ணை மட்டும் போடுங்க. அந்தக் காத்துல இன்னொண்ணும் மெதுவா சுத்த ஆரம்பிக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒட்டுறவே கிடையாது. காத்துக்குப் பதிலா ஆயில் வெச்சா அதான் கன்வர்ட்டர். எஞ்சின் பக்கம் ஒரு சக்கரம் ஆயிலைத் தள்ளும், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கற சக்கரம் அந்த ஆயில் அடிச்சு சுத்தும். நடுவுல ஸ்டேட்டர்னு மூணாவது ஒண்ணு ஆயிலைத் திருப்பி விட்டு, கிளம்புற நேரத்துல இழுவையை அதிகப்படுத்தும்.

ஜெர்மனியில ஹெர்மன் ஃபோட்டிங்கர்ங்கறவர் 1905-ல இதுக்குக் காப்புரிமை வாங்கினார். காருக்காக இல்ல, கப்பலுக்காக! வேகமா சுத்துற டர்பைனை மெதுவா சுத்த வேண்டிய கப்பல் விசிறியோட சேர்க்கறதுக்கு. அப்புறம் 1939-ல அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ராமேட்டிக்'னு ஒரு கியர்பாக்ஸை ஓல்ட்ஸ்மொபைல் கார்ல கொண்டு வந்தாங்க. அதுலேயும் நடுவுல ஆயில்தான். ஸ்டேட்டர் கிடையாது, அதனால இழுவையை அதிகப்படுத்தாது. ஆனா க்ளட்சை மிதிக்காம தானா கியர் மாறுற வண்டியை ஜனங்க முதல்முதலா பெரிய அளவுல ஓட்டினது அதுலதான்.

சரி, பெமல் செய்யுற டோசருக்கு எதுக்கு இந்தக் கன்வர்ட்டர்? மாமா சொன்ன விளக்கம்: டோசர் மண்ணைத் தள்ளும், உடனே பின்னால வரும், மறுபடி தள்ளும். நாள் பூரா இதே வேலை. தள்ளும்போது பெரிய பாறை எதிர்ல வந்து வண்டி அப்படியே நின்னுடும். சாதாரண க்ளட்சா இருந்தா ஒண்ணு எஞ்சின் ஆஃப் ஆகும், இல்ல க்ளட்ச் கருகும். கன்வர்ட்டர் இருந்தா பாறை அசையலைன்னாலும் ஆயில் வழுக்கிக்கிட்டே தள்ளிக்கிட்டு இருக்கும், எஞ்சினுக்கு அதிர்ச்சி போகாது. அதுக்குப் பின்னால சூரியன்-கிரகம் மாதிரி அமைப்புல இருக்கற கியர் செட், அதை ஆயில் அழுத்தத்துல பிடிக்கற க்ளட்ச் அடுக்கு. இதே குடும்பத்துச் சின்னத் தம்பிதான் கார்ல வர்ற கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்.

கார்ல எப்படிக் கண்டுபிடிக்கறது? டி-ல போட்டு பிரேக்கை விடுங்க. ஆக்சிலேட்டரைத் தொடவே தொடாதீங்க. தயக்கமே இல்லாம, ஒரே சீரா வண்டி நகரும். அப்புறம் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினா ஆர்பிஎம் முள்ளு முதல்ல ஏறும், வேகம் ஒரு நொடி பின்னாடி வரும். அதான் ஆயில் வழுக்கறது. கியர் மாறும்போது முள்ளு லேசா இறங்குறது கண்ணுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. வயசானவங்களுக்கு நான் முதல்ல கை காட்டுறது இதைத்தான். மைலேஜ் கொஞ்சம் கம்மியா இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்.

இப்போ க்ளட்ச். இங்கதான் பெரிய குழப்பமே.

2014-ல மாருதி செலேரியோ ஏஎம்டி-ங்கற கியர்பாக்ஸோட வந்தது. 5 லட்ச ரூபாய்க்குள்ள க்ளட்ச் பெடல் இல்லாத கார்! அது வரைக்கும் ஆட்டோமேட்டிக்னா வசதியானவங்க சமாசாரம். அந்த ஒரு கார் அதை மாத்திடுச்சு, அதுக்கு நான் மரியாதை கொடுக்கறேன். ஆனா உள்ள இருக்கறது அதே பழைய மேனுவல் கியர்பாக்ஸ். அதே க்ளட்ச். உங்க இடது கால் செய்யுற வேலையையும் இடது கை செய்யுற வேலையையும் பம்ப்பும் மோட்டாரும் வெச்சு கம்ப்யூட்டர் செய்யுது, அவ்வளவுதான்.

அதுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பேர் வெச்சிருக்காங்க. மாருதியில ஏஜிஎஸ், ரெனோல ஈஸி-ஆர், மஹிந்திராவுல ஆட்டோஷிஃப்ட். எல்லாம் ஒண்ணுதான்.

லீவரைப் பார்த்தாலே பாதி தெரிஞ்சிரும். பெரும்பாலான ஏஎம்டி-யில 'பி' இருக்காது. ஆர், என், டி, பக்கத்துல கூட்டல் கழித்தல். 'பி' எங்கன்னு தேடி இல்லைன்னா, ஏஎம்டி-ன்னு முக்கால்வாசி முடிவு பண்ணிக்கலாம். நிறுத்தும்போது கியர்ல போட்டு ஹேண்ட்பிரேக் போடணும், மேனுவல் கார் மாதிரியே.

மீதி கால்வாசி ஓட்டினா தெரியும். ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்கு மாறும்போது வண்டி ஒரு கணம் மூச்சைப் பிடிக்கும். உட்கார்ந்திருக்கறவங்க தலை முன்னால ஆடும், பிறகு பின்னால போகும். வீட்டு அம்மாங்களைப் பின் சீட்டுல உட்கார வெச்சு ஒரு ரவுண்டு போங்க, அவங்க கரெக்டா சொல்லிடுவாங்க. அந்த நேரத்துல ஆக்சிலேட்டரை லேசா தளர்த்தினா ஆட்டம் நல்லாவே குறையும். இதை நான் ராபர்ட்சன்பேட்டையிலேர்ந்து உரிகம் போற வழியெல்லாம் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கேன். எப்போ மாறப் போகுதுன்னு காது கத்துக்கிட்டா போதும், காலு தானா ஒத்துழைக்கும்.

(பிரேக்கை விட்டா நகருதா இல்லையான்னு பார்த்து மட்டும் ஏஎம்டி-யை முடிவு பண்ணிடாதீங்க. ஆரம்பத்துல வந்த க்விட் ஏஎம்டி-யில தானா நகர்ற வசதி கிடையாது, பிறகுதான் சேர்த்தாங்க. இப்போ பல ஏஎம்டி-ங்க நகரும்.)

அடுத்து ரெட்டை க்ளட்ச், டிசிடி. இதுவும் க்ளட்ச் ஜாதிதான், ஆனா ரொம்பப் புத்திசாலி. ஒத்தைப்படை கியருக்கு ஒரு க்ளட்ச், ரெட்டைப்படை கியருக்கு ஒரு க்ளட்ச். நீங்க மூணுல ஓடும்போதே நாலு தயாரா காத்துக்கிட்டு இருக்கும். ஒரு க்ளட்ச் விடுற அதே நேரத்துல இன்னொண்ணு பிடிச்சுக்கும். 1980-கள்ல போர்ஷே ரேஸ் கார்ல வெச்சு ஓட்டிப் பார்த்தாங்க. 2003-ல ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32-ல சாதாரண ஜனங்க கைக்கு வந்தது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவுல இதுக்கு டிஎஸ்ஜி-ன்னு பேரு. டாடா 2022-ல ஆல்ட்ராஸ்ல டிசிஏ-ன்னு கொண்டு வந்தாங்க, அது ஆயில்ல மூழ்கின க்ளட்ச்.

இதுல 'பி' இருக்கும், பார்க்க அப்படியே கன்வர்ட்டர் மாதிரியே இருக்கும். பிரிச்சுக் கண்டுபிடிக்கறது எப்படி?

ஓடும்போது மாறுறதை கவனிங்க. முள்ளு வெட்டினாப்ல இறங்கும், இழுவை விடவே விடாது. அது வேகமா போகும்போது. ரொம்ப மெதுவா ஊர்ந்து போகும்போதுதான் குணம் வெளிய வரும். பெங்களூர் டின் ஃபேக்டரிகிட்ட சாயங்கால டிராஃபிக்கை நினைச்சுக்கோங்க, அந்த வேகத்துல பிரேக்கை விட்டு விட்டுப் பிடிங்க. கன்வர்ட்டர் வெண்ணெயா நகரும். டிசிடி ஒரு கணம் யோசிச்சு, க்ளட்சை மெதுவாக் கடிச்சு நகரும், சில வண்டியில மெல்லிசா ஒரு நடுக்கம் தெரியும். உலர்ந்த க்ளட்ச் வெச்ச டிசிடி-யா இருந்தா இந்த ஊர்ற டிராஃபிக்தான் அதுக்கு எதிரி. சூடு ஏறிக்கிட்டே போகும். தினமும் கேஆர் புரம் தாண்டி ஆபீஸ் போற ஆளு இதை யோசிச்சுத்தான் வாங்கணும். எக்ஸ்பிரஸ்வேயில மட்டும் போய் வர்றவங்களுக்கு இதைவிட சுகமான கியர்பாக்ஸ் இல்லைன்னே சொல்வேன்.

பெல்ட்டுக்கு வருவோம். சிவிடி.

இதை நீங்க ஏற்கெனவே ஓட்டிக்கிட்டு இருக்கீங்க. உங்க வீட்டு ஆக்டிவாவுல இருக்கறது இதுதான்! 1984-ல கைனடிக் ஹோண்டா வந்தப்போ, கியரே மாத்தாம ஒரு ஸ்கூட்டரான்னு நாடே ஆச்சரியப்பட்டது. அந்த டப்பாவுக்குள்ள ரெண்டு கப்பி, நடுவுல ஒரு பெல்ட். வேகம் ஏற ஏற ஒரு கப்பி இறுகும், இன்னொண்ணு விரியும். படிப்படியா கியர்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

கார்ல இதை முதல்ல ஜெயிக்க வெச்சவர் நெதர்லாந்துல ஹூப் வான் டோர்ன். 1958-ல டாஃப் 600-னு ஒரு குட்டி கார், ரப்பர் பெல்ட்ல ஓடுறது. அந்த அமைப்புல முன்னால எவ்வளவு வேகம் போகுமோ ரிவர்ஸ்லேயும் அவ்வளவு வேகம் போகும். அதை வெச்சு அந்த ஊர்ல ரிவர்ஸ் ரேஸே நடத்தினாங்க! அப்புறம் ரப்பருக்குப் பதிலா இரும்புப் பட்டை வந்தது. இப்போ கார்ல வர்றது அதுதான்.

கண்டுபிடிக்க காது போதும். ஆக்சிலேட்டரை நல்லா அழுத்துங்க. எஞ்சின் சத்தம் ஒரே தாவா மேல ஏறி அங்கேயே நிக்கும். ஆர்பிஎம் முள்ளு நாலாயிரத்துல அசையாம இருக்கும், வேகம் மட்டும் பின்னாலேயே ஏறிக்கிட்டு வரும். அதே ஆக்டிவா சத்தம். சில கம்பெனிக்காரங்க ஜனங்களுக்குப் பழக்கமான மாதிரி இருக்கட்டும்னு இல்லாத கியரை இருக்கற மாதிரி காட்டுற புரோகிராம் வெச்சிருப்பாங்க, அதனால லேசா அழுத்தியும் ஓட்டிப் பாருங்க. ஹூண்டாய், கியாவுல இதுக்கு ஐவிடி-ன்னு பேர், அதைப் பார்த்து வேற எதோன்னு நினைச்சுடாதீங்க.

நிதானமா ஓட்டுறவங்களுக்கு சிவிடி சொர்க்கம். விரட்டி ஓட்டுற பசங்களுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது.

இன்னும் சிலது இருக்கு, சீக்கிரம் சொல்லிடறேன்.

ஐஎம்டி: 2020-ல ஹூண்டாய் வென்யூவுல வந்தது. பெடல் ரெண்டுதான், ஆனா கியர் நீங்கதான் மாத்தணும். "ரெண்டு பெடல் இருந்தா ஆட்டோமேட்டிக்"னு நினைக்கறவங்க இங்க ஏமாறுவாங்க. லீவர்ல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மேனுவல் மாதிரியே எண் இருக்கும், அதைப் பாருங்க.

டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ், மாருதி கிராண்ட் விட்டாரா, இதுங்களோட ஸ்ட்ராங் ஹைப்ரிட்ல வர்ற ஈ-சிவிடி: பேர்லதான் சிவிடி, உள்ள பெல்ட்டும் இல்ல கப்பியும் இல்ல. 1997-ல ப்ரியஸ்ல வந்த அமைப்பு. ஒரு கிரக கியர் செட், ரெண்டு மின்சார மோட்டார், ஒரு எஞ்சின், மூணும் பேசி வெச்சு வேலையைப் பிரிச்சுக்குது. மாமாவோட கேள்வியில வர்ற மூணுலேயும் அடங்காத ஒண்ணு இது. இதை அவருக்குப் படம் போட்டுக் காட்டினப்போ ரொம்ப நேரம் பேசாம பார்த்துட்டு, "கிரக கியரை இப்படியும் போடலாமா!"ன்னார். அந்த முகத்துல இருந்த சந்தோஷம் இருக்கே!

கரண்ட் கார்: பெரும்பாலும் ஒரே ஒரு கியர்தான். மாறுறதுக்கே ஒண்ணும் இல்ல.

இப்போ மேடு. நம்ம பக்கம் சமதளம் கம்மி, அதனால இதை கண்டிப்பா டெஸ்ட் பண்ணணும். லேசான ஏத்தத்துல நிறுத்தி, பின்னால யாரும் இல்லாததைப் பார்த்துட்டு, பிரேக்கை விடுங்க. கன்வர்ட்டர் பெரும்பாலும் அப்படியே பிடிச்சு நிக்கும். ஏஎம்டி-யும் டிசிடி-யும் பின்னால வழுக்கலாம். (ஹில் ஹோல்ட் இருந்தா ரெண்டு மூணு நொடி வண்டியைப் பிடிச்சு வெச்சு உங்களை ஏமாத்தும், அது விடுற வரைக்கும் பொறுங்க.) பிரேக் மிதிக்காம ஆக்சிலேட்டரை லேசா அழுத்தி ஏத்தத்துல வண்டியை நிறுத்தி வெக்கற பழக்கம் பலருக்கு இருக்கு. ஏஎம்டி, டிசிடி-யில அதைச் செஞ்சா க்ளட்ச் தேயும். வேண்டவே வேண்டாம்.

இறக்கத்துக்கும் இதே முக்கியத்துவம் இருக்கு. திருப்பதி போறப்போ பலமனேர் தாண்டி மொகிலி காட் இறங்குவோம் இல்லையா? ஏலகிரியில 14 கொண்டை ஊசி வளைவு இறங்குவோம் இல்லையா? டி-ல போட்டுட்டு பிரேக்கையே நம்பி இறங்குனா பிரேக் சூடாகி பிடிப்பு குறையும். ஏஎம்டி, டிசிடி, கன்வர்ட்டர் வண்டியில மேனுவலுக்கு மாத்தி ரெண்டாவது இல்ல மூணாவது கியர்ல இறங்குங்க. பல சிவிடி-ல 'எல்' இல்லைன்னா 'எஸ்' இருக்கும், அதுல போட்டு இறங்குங்க. சில டொயோட்டா ஹைப்ரிட்ல 'பி' எழுத்து ரெண்டு வரும். ஒண்ணு பார்க்கிங். இன்னொண்ணு பிரேக்கோட 'பி', இறக்கத்துக்கு உள்ளது. ரெண்டையும் மாத்திப் புரிஞ்சுக்காதீங்க.

பேட்டரி போயிட்டா தள்ளி ஸ்டார்ட் பண்ற வழக்கத்தையும் இதோட மறந்திடணும். கன்வர்ட்டர், சிவிடி-யில ஆயில் பம்ப்பைச் சுத்துறதே எஞ்சின்தான். எஞ்சின் நின்னா அழுத்தம் இல்ல, எவ்வளவு பேர் தள்ளினாலும் சக்கரம் மட்டும்தான் சுத்தும். ஏஎம்டி-யில க்ளட்சைப் பிடிக்கறதே கரண்ட், அதனால செத்த பேட்டரியோட தள்ளிப் பிரயோஜனம் இல்ல. அதே காரணத்தால, முன் சக்கரத்துல ஓடுற கன்வர்ட்டர், சிவிடி வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, முன் சக்கரத்தைத் தூக்கித்தான் கொண்டு போகணும்.

கடைசியா ஆயில். ரகம் தெரியாம போனா காசு அதிகமா போறது இங்கதான். கன்வர்ட்டருக்கு ஏடிஎஃப். சிவிடி-க்கு அதுக்குன்னே தனி ஆயில், ஏன்னா அந்தப் பட்டை கப்பியை வழுக்காம பிடிக்கறதே அந்த ஆயிலை நம்பித்தான். டிசிடி-க்கு வேற. ஏஎம்டி-யில மேனுவல் கியர் ஆயில், சில வண்டியில க்ளட்சை இயக்கற பம்ப்புக்குத் தனியா ஒரு சின்ன டப்பாவுல இன்னொரு ஆயில். "ஆட்டோமேட்டிக் வண்டிதானே, ஏடிஎஃப் ஊத்திடுறேன்"னு யாராவது சிவிடி-ல கை வெச்சா தடுத்து நிறுத்துங்க. வண்டியோட கையேட்டுல எந்த ஆயில்னு எழுதியிருக்கும், அதைக் காட்டி அதையே ஊத்தச் சொல்லுங்க.

பழைய வண்டி வாங்கறப்போ கடைக்காரர்கிட்ட எஞ்சின் ஆயில் பில்லை எல்லாரும் கேக்கறாங்க. கியர்பாக்ஸ் ஆயில் எப்போ மாத்தினாங்க, எது ஊத்தினாங்கன்னு பில்லோட கேளுங்க. பில் இல்லைன்னா அந்தச் செலவைக் கழிச்சுட்டு விலை பேசுங்க.